மழையில் வரைந்த வெயில்

கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்தபின் நான் முதலில் பழகிக்கொண்டது சத்தமில்லாமல் நடப்பது. பதுளையிலிருந்து பஸ் ஏறி, ஸ்பிரிங்வெளியையும் தாண்டிக் கடைசித் தரிப்பில் இறங்கி, மேலே நடந்து போகவேண்டிய தோட்டம் அது. என் கணவர் அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். பகலில் மலையிலிருந்து இறங்கும் கொழுந்து இரவில்தான் வாடி, அரைபட்டு, வறுபட்டுத் தூளாகும். ஆகவே மற்றவர்களின் இரவுதான் அவருடைய பகல். விடிந்து வெகுநேரம் கழித்து வருவார். உடம்பெல்லாம் தேயிலை வாசம். குளித்துச் சாப்பிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வார். பின்னேரம்தான் எழுந்திருப்பார்.

அவர் ஒருநாளும் ஏசியதில்லை. பாத்திரம் ஒன்று கை தவறி விழுந்தால் உள்ளே கட்டில் ஒருமுறை கிரீச்சிடும். அவ்வளவுதான். ஏச்சைவிட அது எனக்குப் பெரிதாகக் கேட்கும். சீதனமாகக் கொண்டுவந்த தையல் மெஷினை ஒரு மூலையில் போர்த்து வைத்தேன். ரேடியோவை அவர் எழுந்த பிறகுதான் தொடுவேன். அவர் எழுந்த பிறகு நாங்கள் இருவரும் தேத்தண்ணீர் குடிப்போம். குடித்து முடிந்ததும் அவர் சட்டை மாட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குக் கிளம்புவார்.

நான் பதுளை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட, ஆள் நிறைந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கண்டக்டர்களின் கூவல், பள்ளிவாசல் பாங்கு, கோயில் மணி, தம்பி தங்கைகளின் சண்டை எல்லாம் சேர்ந்துதான் எனக்கு வீடு. இங்கே எங்கள் குவாட்டர்ஸ் மலைத் திருப்பமொன்றில் தனியாக நின்றது. கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். மேலே தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களா. லயத்துப் பெண்கள் என்னைக் கண்டால் கொழுந்துக்கூடையை ஒதுக்கி வழிவிட்டு, "சலாமுங்கம்மா" என்பார்கள். நின்று பேசமாட்டார்கள். பங்களாவுக்கு நாங்கள் கூப்பிடாமல் போகக்கூடாது. கூப்பிடும் வழக்கமும் இல்லை. பெரிய கிளாக்கரின் மனைவி ஒருவர் இருந்தார். அவர் மட்டக்களப்புக்குத் தாய்வீடு போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார்.

இரண்டு தடவை எனக்குக் குழந்தை தங்காமல் போனது. இரண்டாம் முறை பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, அம்மா ஒரு கிழமை வந்து கூட இருந்தார். மருமகனின் தூக்கம் கெடக்கூடாதென்று அவரும் கிசுகிசுத்தே பேசினார். அம்மா போன பிறகு, அந்தக் கிசுகிசுப்பும் இல்லாத வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான், சத்தம் போடாத வேலை ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சித்திரம் கொஞ்சம் வரும். அடுத்த முறை பதுளைக்குப் போனபோது, கடைவீதியில் கொப்பி பென்சில் விற்கும் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் பிள்ளைகள் பாவிக்கும் சாயப் புட்டிகளும் ஒரு தூரிகையும் வாங்கினேன்.

"யாருக்கு, தங்கச்சிர புள்ளைக்கா?" என்று நானா கேட்டார்.

"ஆமாங்க நானா" என்று சொல்லிவிட்டேன். எனக்குத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

முதல் படம் பள்ளிக்கூடத்துப் படமாகவே வந்தது. முக்கோணமாய் இரண்டு மலை, நடுவே சிரிக்கும் சூரியன், ஒரு வளைந்த ஆறு, கரையில் தென்னை மரம். தலையை நிமிர்த்தினால் எதிரே நமுனுகுலை மலை நின்றது. அது முக்கோணம் அல்ல. சூரியனும் அதன் இடுக்கில் இல்லை. தென்னை மரமோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் எங்கும் கிடையாது. யாரோ சொல்லிக்கொடுத்த பொய்யைத் திருப்பிச் சொல்லிவிட்டதுபோல் கூசியது. அந்தத் தாளை அடுப்பில் வைத்தேன். மறுநாள் வரையவே இல்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

அதற்குப் பிறகு வரைந்தவற்றில் மலைதான் நிறைந்திருந்தது. ஆகாயம் தாளின் மேல் விளிம்பில் ஒரு கயிறு மாதிரி ஓடும். மிச்சமெல்லாம் மலை. கறுப்பில் நீலம் கலந்து, நீலத்தில் மண்நிறம் கலந்து, அடுக்கடுக்காகத் தேய்ப்பேன். தேயிலைச் செடியின் வரிசைகள் அதில் மேலே ஏற ஏற ஒன்றோடொன்று ஒட்டி இருட்டாகிவிடும். அதில் துக்கம் இருக்கிறதென்று நான் நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்த நிறம் அது என்றுதான் நினைத்தேன்.

அவரிடம் காட்டவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் காலை வரும்போது அவர் கக்கத்தில் ஒரு சுருள். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் தடித்த காகிதம்.

"கிழிஞ்ச பெட்டியில இருந்துச்சு. பிரயோசனப்படுமான்னு பாரு" என்று மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

துரையின் மனைவி எங்கள் வாசலுக்கு வந்தது ஒரு கச்சான் காற்றுக் காலத்தில். அந்தக் காற்று வீசும் மாதங்களில்தான் எங்கள் ஊவாப் பக்கத்துத் தேயிலைக்கு அந்தப் பேர்பெற்ற மணம் ஏறும். தொழிற்சாலை இரவு பகலாக ஓடும். என் கணவர் வீட்டுக்கு வருவதே அருமையாகிவிடும். எனக்கு வருடத்திலேயே நீண்ட மாதங்கள் அவை. நான் ஈரப்படம் ஒன்றை முற்றத்தில் வைத்து, பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்திருந்தேன். நாயோடு உலாவ வந்த அந்த அம்மாள் வேலிக்கு வெளியே நின்று அதையே பார்த்தாள்.

"இது நீ செஞ்சதா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் கொழும்பில் வளர்ந்த பறங்கிப் பெண். என்னைவிட இருபது வயதாவது மூத்தவள். தமிழை அவள் கற்றது சமையல்காரரையும் தோட்டக்காரனையும் வேலை ஏவுவதற்காக. அந்தத் தமிழில் 'நீங்க' என்ற சொல்லே கிடையாது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"ஆமா மேடம்" என்றேன்.

"நானும் செய்யிறது. புதன்கிழமை வா. பாறையில. ரெண்டு பேரும் செய்யலாம்."

அவர் எழுந்ததும் சொன்னேன். தேத்தண்ணீர்க் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"பங்களாவுக்குள்ள போவ சொன்னாங்களா?"

"இல்லீங்க. பாறைக்குத்தான்."

"அப்ப சரி. பாறை யாருக்கும் சொந்தமில்ல" என்றார். பிறகு கொஞ்சம் சிரித்தார். "அதுவும் தோட்டத்துக்குத்தான் சொந்தம். பரவால்ல, போ."

பங்களாத் தோட்டத்தின் எல்லைக்குக் கீழே, மானாப்புல் சரிவில் துருத்திக்கொண்டு நின்ற அகலமான பாறை அது. அங்கிருந்து பார்த்தால் தொழிற்சாலையின் தகரக்கூரை, லயங்கள், எங்கள் குவாட்டர்ஸ், அதற்கும் கீழே பதுளைப் பள்ளத்தாக்கு, எதிரே மலை, எல்லாம் ஒரே பார்வையில் கிடக்கும். அவளுக்கு மடக்கி விரிக்கும் சட்டம், குட்டிக் கட்டிகளாய்ச் சீமைச் சாயங்கள், நுனி கூர்ந்த தூரிகைகள். எனக்குப் பிள்ளைகளின் சாயப் புட்டி, மடியில் ஒரு பலகை. இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே திசையைப் பார்த்து வரைந்தோம்.

வரைந்து முடிந்து படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் வேறு வேறு நாட்டைப் பார்த்து வரைந்தவை போலிருந்தன. அவளுடைய தாளில் முக்கால்வாசி ஆகாயம். அதிலிருந்து வெயில் வழிந்து பள்ளத்தாக்கெல்லாம் மஞ்சளாய்த் தேங்கியிருந்தது. மலை தூரத்தில், தொட்டால் கலைந்துவிடும் ஊதா நிறத்தில் மெல்ல மிதந்தது. என்னுடையதில் அதே மலை தாளை உடைத்துக்கொண்டு வெளியே வரப்பார்த்தது.

"உன்னோட மலைக்கு என்ன கோவம்?" என்று கேட்டாள்.

"கோவமில்ல மேடம். கிட்ட நிக்கிது, அவ்வளவுதான்."

"கிட்ட இல்லையே. எவ்வளவு தூரம், பாரு!"

"எனக்குக் கிட்டதான் தெரியுது" என்றேன்.

அடுத்த புதன்கிழமையும் போனேன். அதற்கடுத்ததும். நான் பேசும்போது "நீங்க பாருங்க மேடம்" என்பதை அவள் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் தூரிகையைக் கழுவிக்கொண்டே, "நீ, நீங்க, வித்தியாசம் என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. எத்தனை வருடமாக யார் யாரை எப்படிக் கூப்பிட்டிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தாளோ என்னவோ. அன்றிலிருந்து எனக்கு 'நீங்க' போட்டாள். நாய்க்கும் போட்டுவிடுவாள். "நீங்க இங்க வாங்க" என்று அதைக் கூப்பிடும்போது நான் வாயைப் பொத்திக்கொள்வேன். அந்தப் பாறையில்தான் வெகுநாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன்.

ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு அவள்மேல் ஒரு புழுக்கம் இருந்தது. கார் இருக்கிறது, கிளப் இருக்கிறது, பங்களா நிறைய விருந்தாட்கள். இப்படி வாழ்கிறவளுக்கு எல்லாம் மஞ்சளாகத்தான் தெரியும் என்று நினைத்தேன். லயங்களை அவள் வரைவதே இல்லை. அந்த இடத்தில் ஒரு பச்சைத் தீற்றல் விழுந்திருக்கும். கேட்டதற்கு, "வீடு எனக்கு வராது. கோணலா வரும்" என்றாள். பாணும் மாவும் தட்டுப்பாடாகி லயத்துப் பிள்ளைகள் காட்டில் கிழங்கு தோண்டிய காலம் அது. பள்ளத்தாக்கு முழுக்க வெயிலாய் ஊற்றி வைத்திருக்கும் அவளுடைய படத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது.

ஒரு ஐப்பசிப் புதன்கிழமை. பாறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்குள் மழை இறங்கிவிட்டது. சாமான்களை அள்ளிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் ஓடினோம். நான்கு தூணும் தகரக் கூரையுமான கொட்டகை. கொழுந்துக்காரப் பெண்கள் சிலரும் கூடையோடு அங்கே ஒதுங்கியிருந்தார்கள். எதிரே ஒன்றுமே தெரியவில்லை. மலை போய்விட்டது, தொழிற்சாலை போய்விட்டது, வெள்ளையாக மழை மட்டும் நின்றது. நான் அந்த வெள்ளையையே வரையலாமென்று தாளை நனைத்துச் சாம்பல் நிறத்தை ஓடவிட்டேன். அது எனக்கு நன்றாக வந்துகொண்டிருந்தது.

சற்றுப் பொறுத்து அவள் பக்கம் திரும்பினேன். கூரையில் கல்லெறிவதுபோல் மழை கொட்ட, அவள் முன்னிருந்த தாளில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வழக்கமான அதே மஞ்சள், அதே ஊதா மலை. புல்நுனிகளுக்குக்கூட ஒளி வைத்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்துக்காரப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "ஆத்தாடி, தொரசாணி அம்மாவுக்கு மட்டும் வெயில் அடிக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தூரிகை நிற்கவில்லை.

"மழை பெய்யிதே மேடம்" என்றேன்.

"தெரியும்."

"அப்ப ஏன் வெயில்?"

அவள் மலையின் விளிம்பில் ஒரு கோட்டை இழுத்து முடித்தாள்.

"என் பையன் ஆஸ்திரேலியாவுல இருக்கான். தெரியுமில்ல? ஒரே பையன். போயி நிறைய வருஷம். படம் எல்லாம் அவனுக்குத்தான் அனுப்புறது. ஒவ்வொண்ணும்." மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவேண்டுமென்று கொஞ்சம் உரக்கப் பேசினாள். "மழையை அனுப்பினா யார் வருவாங்க, சொல்லுங்க? வெயில் பார்த்தா ஒரு நாள் வரணும்னு தோணும்."

"வந்திருக்காரா?"

"இல்ல" என்றாள். தூரிகையைத் தண்ணீரில் அலசினாள். தண்ணீர் மஞ்சளாகியது.

அந்தப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. என் தாளில் சாம்பல் நிறம் தன்பாட்டில் வழிந்து, நான் நினைக்காத இடத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது. துடைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. இருட்டை வரைகிறவள்தான் துக்கப்படுகிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எனக்குள் இருந்ததை நான் தாளில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தேன். அவளோ ஒவ்வொரு கிழமையும் இல்லாத வெயிலைப் பிசைந்து உண்டாக்கிக் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருந்தாள். மஞ்சள் நிறத்துக்குள் அவ்வளவு தனிமை அடங்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்தபிறகு நானும் ஒரு வெயிலை வரைந்து பார்த்தேன். வரவில்லை. யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் வெயில் வரையமுடியாது போலும்.

அதற்கடுத்த வருடம் கடையில் சாயம் கிடைக்காமல் போயிற்று. வெளிநாட்டுச் சாமான்கள் வராத காலம். நானா கடையில் தட்டெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. "பச்சை முடிஞ்சி தங்கச்சி. நீலமும் கறுப்பும்தான் மிச்சம். வேணும்னா காவி கொஞ்சம் தாறேன்" என்றார். பச்சை இல்லாமல் தேயிலைத் தோட்டத்தை வரைவது எப்படி? வரைந்தேன். பாறையிலிருந்து பார்த்தால் தெரியும் எங்கள் வீட்டை வரைந்தேன். நீல மலை, காவிநிறத் தேயிலை, நடுவே சிறிய வெள்ளைச் சதுரமாய் வீடு. புகைபோக்கி உண்டு, புகை இல்லை. கதவும் யன்னலும் சாத்தியிருந்தன.

அந்தப் படம் சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்த நாளில் தொழிற்சாலை எஞ்சின் பழுதாகி, அவர் நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் சமையலறையில் இருந்தேன். சத்தமே காணோமென்று எட்டிப் பார்த்தால், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படத்தின் முன்னே குந்தியிருந்தார். தேயிலைத் தூளைக் கையில் ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நம்ம வீடா?"

"ஆமாங்க."

"கதவு ஏன் சாத்திக் கெடக்கு?"

"நீங்க உள்ள தூங்குறீங்க."

"அடுப்பெரியலியா?"

"அடுப்பு ஊதினா சத்தம் கேக்குமில்ல. நீங்க எந்திரிச்ச பெறகுதான் மூட்டுவேன்."

அவர் படத்தில் வீட்டைச் சுற்றி விரலால் தொடாமல் ஒரு வட்டம் போட்டார். "நீ எங்க? ஒன்னயக் காணோமே."

"நான் வெளியில இருந்து வரைஞ்சிக்கிட்டு இருக்கேன்."

அவர் எழுந்து போய்ச் சப்பாத்தைக் கழற்றினார். சாப்பிட்டார். படுக்கப் போகும்போது அறைக் கதவைச் சாத்தாமல், நிலையில் கை வைத்து நின்று, "ரேடியோவப் போட்டுக்க" என்றார்.

"தூக்கம் கெட்டுப்போகுங்க."

"கெடாது. தேயில ஸ்டோர்ல அத்தன மெஷின் சத்தத்துல நிக்கிறவன் நான். போட்டுக்க."

அன்று போடவில்லை. மறுநாள் திரும்பவும் சொன்னார். போட்டேன். யாரோ பாடினார்கள், விளம்பரம் சொன்னார்கள், செய்தி வாசித்தார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பை மூட்டினேன். வீட்டுக்குள் ஆள் புழங்குவது போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஏதோ எடுக்க அறைக்குள் போனேன். அவர் மல்லாந்து படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. முகட்டைப் பார்த்துக்கொண்டு அசையாமல், கட்டில் கிரீச்சிட்டுவிடக்கூடாதென்று மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு கிடந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்.

நான் திரும்பி வந்து ரேடியோவை நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டுன?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பாட்டு முடிஞ்சிருச்சுங்க" என்றேன்.

அதன்பிறகு நாங்கள் ஒரு நடுவழி கண்டுகொண்டோம். ரேடியோ மெதுவாக, மத்தியானத்துக்குப் பிறகு. அறைக் கதவை அவர் முழுதாகச் சாத்துவதில்லை. எங்கள் வாழ்க்கையில் மாறியது அவ்வளவுதான். அப்போதும் பகல் நீளமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அன்று படத்தின் முன் குந்தியிருந்த முதுகை நினைத்துக்கொண்டால் ஒரு பின்னேரம் கழிந்துவிடும்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எங்கள் துரையும் முடிவெடுத்தார். இத்தனை வருடமும் மகன் கூப்பிடக் கூப்பிடப் போகமாட்டேன் என்றவர், இப்போது ஆஸ்திரேலியாவுக்கே போவதென்று சொல்லிவிட்டாராம். கடைசிப் புதன்கிழமை பாறைக்கு அவள் சட்டத்தையும் சாயத்தையும் கொண்டுவரவில்லை. எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். நாயை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பற்றிப் பேசினாள்.

"மகன்கிட்டத்தானே போறீங்க மேடம். சந்தோசம்தானே?" என்றேன்.

"சந்தோஷம்தான்" என்றாள். "அவன்தான் இங்க வரணும்னு நான் நினைச்சேன்."

கீழே தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணு தாங்க. உங்க படம். என்னோடது ஒண்ணுகூட என்கிட்ட இல்ல."

"எது வேணும் மேடம்?"

"அந்த வீடு. நீல மலை."

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் என்னிடம் எதையும் வேண்டாம் என்று சொல்கிறவர் அல்ல. "வேற எத வேணும்னாலும் குடு. அத மட்டும் குடுக்காத" என்றார்.

ஆகவே மடுவத்தில் வரைந்த அந்த மழையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மலையுமில்லை, ஆகாயமுமில்லை. தாள் முழுக்கச் சாம்பல் நிறம் இறங்கிக்கொண்டிருக்கும் படம். மன்னிக்கச் சொன்னேன். அவள் கைநீட்டி வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இது இன்னும் நல்லம்" என்றாள். "அங்க வெயில் நிறைய இருக்காம். எனக்கு மழைதான் வேணும்."

அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து மட்டை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான் சில புதன்கிழமைகள் தனியாகப் பாறைக்குப் போனேன். புதிதாக வந்த துரையின் காவல்காரன், "இங்க உக்காரக் கூடாதுங்கம்மா" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அவனைச் சங்கடப்படுத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவரைப் பூனாகலைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கே மலை எங்களுக்குப் பின்புறம் இருந்தது. முன்னால் வெறும் இறக்கம், தூரத்துச் சமவெளியின் வெண்புகை. சில வருடம் அங்கே இருந்தோம். எண்பதுகளின் தொடக்கத்தில், ஓய்வு பெறுவதற்குள்ளேயே, நெஞ்சுவலி வந்து அவர் போய்விட்டார். பகலில்தான் போனார், தூக்கத்தில். நான் வழக்கம்போலச் சத்தமில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தேன். பின்னேரமாகியும் அவர் எழுந்திருக்கவில்லை என்றுதான் உள்ளே போய்ப் பார்த்தேன்.

அவர் போன பிறகு நான் நீண்ட காலம் வரையவில்லை. பண்டாரவளையில், கடைவீதிக்குப் பின்னாலுள்ள தெருவில், ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீட்டோடு ஒட்டிய அறையொன்றில் வாடகைக்கு இருந்தேன். தையல் மெஷினை வெளியே எடுத்தேன். சத்தம் கேட்க யாருமில்லை. நாளெல்லாம் தைத்தேன்.

வியாபாரியின் மனைவி கல்முனைப் பக்கத்துக் கடலோரத்தில் பிறந்தவள். கல்யாணம் செய்து குளிருக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். எந்நேரமும் சால்வையைப் போர்த்துக்கொண்டு திரிவாள். ஒரு நாள் சட்டை தைக்கக் கொடுக்க வந்தவள், சுவரில் இருந்த நீல மலைப் படத்தைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க கீறினதாக்கா? எனக்கொரு கடல் கீறித் தாங்களே. மண்டபத்துச் சுவர் வெறுமையாக் கெடக்கு."

"கடல நான் ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கேன்" என்றேன். அது கொழும்பில், கல்யாணமான புதிதில். காற்றுக்கு அவருடைய தொப்பி பறந்து போனதைத் தவிர வேறொன்றும் ஞாபகமில்லை.

"நான் சொல்றேன், நீங்க கீறுங்க" என்றாள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு, சால்வையும் தேத்தண்ணீருமாக வந்து என் கட்டிலில் உட்கார்ந்துகொள்வாள். அவள் சொல்லச் சொல்ல நான் வரைவேன். "அது நீலமில்லக்கா. காலையில சாம்பல், பகலைக்குப் பச்சை, பின்னேரம் வெள்ளை." எந்த நேரத்தை வரையட்டும் என்று கேட்டேன். யோசித்தாள். "பகலைக்கு" என்றாள். கரை கிழக்குப் பார்த்தது என்றாள். மணல் வெள்ளை இல்லை, கொஞ்சம் கறுப்பு கலந்தது என்றாள். மலையையே வரைந்து பழகிய என் கை ஆகாயத்தைக் கயிறாக மேலே ஒதுக்கிவிட்டது. தாள் முழுக்கக் கடல் ஏறி நின்றது. அவள் அதைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள்.

"எங்கட கடலுக்கு இவ்வளவு குளிர் இல்லக்கா. உங்கட மலை மாதிரி வந்திருக்கு."

"திருப்பிக் கீறட்டுமா?"

"வேணாம், வேணாம். இருக்கட்டும்." கிட்ட வந்து மணலில் ஓரிடத்தைக் காட்டினாள். "இதுல மட்டும் ஒரு தோணி வைங்க. எங்கட வாப்பாட தோணி. மஞ்சளும் சிவப்பும்."

தோணியை வைத்தேன். மஞ்சள் சாயம் புட்டியின் அடியில் காய்ந்து கிடந்தது. தண்ணீர் விட்டு இளக்கி எடுக்கவேண்டியிருந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"ஆள் வேணுமா?" என்று கேட்டேன். "தோணியில யாரையும் காணோமே."

"பகலைக்குத்தானே?" என்றாள். "ஆள் வீட்டுக்குப் போயிட்டாங்கக்கா. சோறு தின்னுற நேரம்."